போன வருஷம் எங்கே போச்சு? உங்கள் கணக்கையும் சொல்லுங்கள்

#1

டிசம்பர் கடைசி வாரத்தில் டைரியும் கையுமாக உட்கார்வது எனக்குப் பல வருஷப் பழக்கம். வரப்போகிற வருஷத்தில் என்னென்ன செய்யப்போகிறேன் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் போதும், பாதி முடித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி. இந்த முறை புது டைரி இன்னும் கைக்கு வரவில்லை. பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்போம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எடுத்தேன். கை பட்டு முதல் பக்கம் திறந்துகொண்டது.

ஏழு வரி. அதில் ஐந்து, நான் அன்றைக்கு எழுதலாம் என்று நினைத்து வைத்திருந்ததேதான்.

சந்தேகம் வந்து பரணில் கிடந்த முந்தைய டைரிகளையும் இறக்கினேன். "தினமும் அரை மணி நேரம் நடை." 2023இல் நீல மை. 2024இல் கறுப்பு மை, கீழே ஒரு அடிக்கோடு. 2025இல் அடிக்கோடு இரண்டு. மூன்று வருஷத்தில் முன்னேற்றம் என்று காட்ட அந்தக் கோடு மட்டும்தான்.

பட்டியலை மூடிவிட்டு, சரி, வருஷம் எப்படித்தான் போயிற்று என்று எழுதிப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் நான்கு வரி வந்தது. கைக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. நெருங்கிய நண்பனோடு மனஸ்தாபம். முதுகுவலி. நடக்காத நடை. 365 நாளும் இவ்வளவுதானா என்று எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. முதல் மூன்றும் அக்டோபருக்குப் பிறகு நடந்தவை என்பது அப்போது உறைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் போனை எடுத்தேன். ஜனவரியிலிருந்து மாதம் மாதமாகப் புகைப்படங்கள், காலண்டர் குறிப்புகள், வங்கிக் கணக்கு அறிக்கை, மூன்றையும் ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. செய்து பார்க்க நினைப்பவர்கள் வங்கி அறிக்கையிலிருந்து தொடங்குங்கள், அதற்கு முகதாட்சண்யமே கிடையாது. ஒரு தடவைகூடத் திறக்காத மொழி கற்கும் செயலிக்கு முழு வருஷச் சந்தா கட்டியிருக்கிறேன். அதுவும் "செலவைக் குறைக்கணும்" என்று நான்காவது வரியில் எழுதிய அதே ஜனவரியில்.

மார்ச்சுக்கு வந்தால் படமே இல்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் ஞாபகம் வந்தது, அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்த மாதம் அது. அலாரம் பக்கத்தைத் திறந்தேன். அந்த அலாரங்கள் அணைந்தபடி இன்னும் கிடந்தன. காலை 6, 10, மதியம் 2, மாலை 6. நான்குக்கும் ஒரே பெயர்: "சொட்டு". வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு நான்கு வாரம் விட்டிருக்கிறேன். கையைக் கழுவிவிட்டு, அப்பாவை நாற்காலியில் அண்ணாந்து உட்காரச் சொல்லி, கீழ் இமையை மெல்ல இழுத்து, ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடிக்கொள்வார். ஓரத்தில் வழிவதைப் பஞ்சால் ஒற்ற வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு குப்பி. அந்த ஐந்து நிமிஷமும் அவர் கண்ணை மூடியபடியே ஏதாவது பழைய கதை சொல்லிக்கொண்டிருப்பார்.

எனக்கு ஒழுங்கு கிடையாது, எதையும் தொடர்ந்து செய்ய வராது என்று என்னைப் பற்றி நானே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். நாளைக்கு நான்கு, 28 நாள், 112 வேளை. ஒன்றுகூடத் தவறவில்லை. அதை நான் எங்கேயும் எழுதவில்லை, எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

அப்படியானால் நடை மட்டும் ஏன் வரவில்லை? சொட்டு மருந்துக்கு நேரம் இருந்தது. மேஜைமேல் குப்பி இருந்தது. "மணி ஆயிடுச்சாப்பா?" என்று கேட்க ஆள் இருந்தார். நடைக்கு இருந்தது இரண்டு அடிக்கோடு.

இந்த வருஷம் ஏழு வரி கிடையாது, ஒன்றுதான். அதை எப்படி எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள். சாதனைப் பட்டியல் வேண்டாம். கணக்குப் பார்த்தபோது எதில் தடுக்கி விழுந்தீர்கள் என்று சொன்னால் எனக்கு உதவும்.

#2

ஆரம்ப சூரப்புலின்னு எங்க வீட்ல எனக்குப் பட்டப்பேரே இருக்கு. அதனால நான் கொஞ்சம் தைரியமாவே சொல்றேன்.

நான் விழுந்தது 21ஆம் நம்பர்ல. 21 நாள் ஒரு காரியத்தைச் செஞ்சா பழக்கமாயிடும்னு எங்கயோ கேட்டு, காலண்டர்ல சிவப்பு மார்க்கரால தினமும் ஒரு பெருக்கல் குறி. ராத்திரி படுக்கறதுக்கு முன்னால ஒரு பக்கம் எழுதணும், அதுதான் காரியம். 19 குறி போட்டாச்சு. 20ஆம் நாள் காய்ச்சல். மறுநாள் அந்தக் காலி கட்டத்தைப் பார்த்தப்ப வந்த கோவத்துல காலண்டர் தாளையே கிழிச்சேன். பிறந்தநாள், கேஸ் சிலிண்டர் பதிவு பண்ண தேதி எல்லாம் அதுல இருந்தது, அது வேற கதை.

பிற்பாடு தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, அந்த 21 எங்கிருந்து வந்துச்சுன்னு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க மாறின முகத்துக்குப் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு 1960ல எழுதியிருக்கார். மூக்கை மாத்திக்கிட்டவங்களுக்குச் சொன்னது, அதுலயும் "குறைஞ்சது"ங்கற வார்த்தை வழியில எங்கயோ விழுந்துபோய், எனக்கு வந்து சேர்ந்திருக்கு.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை 12 வாரம் வெச்சுப் பார்த்த ஆய்வு ஒண்ணு இருக்கு, 2010ல வெளியானது. தண்ணி குடிக்கற மாதிரி சின்னப் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்குது, உடற்பயிற்சி இழுக்குது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு (அந்த 12 வாரப் போக்கை வெச்சுக் கணிச்சதுல) 254 நாள் வரைக்கும்னு கணக்கு வந்திருக்கு. சராசரியா 66 நாள்னு சொல்வாங்க. ஆனா எனக்கு முக்கியமாப் பட்டது வேற: நடுவுல ஒரு நாள் விட்டுப்போனதால பழக்கம் உருவாகறது ஒண்ணும் கெட்டுப்போகலையாம். இது மட்டும் அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அந்தத் தாள் தப்பிச்சிருக்கும்.

இப்ப எனக்குப் புது விதி. எழுதின நாளுக்குப் பெருக்கல் குறி, விட்ட நாளுக்கு ஒரு வட்டம். காலியா மட்டும் விடக்கூடாது. போன வருஷம் 211 பெருக்கல் குறி. மீதி வட்டம். ஜூன் மாசம் பார்த்தா முத்துமாலை கோத்த மாதிரி இருக்கும்.

#3

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்தக் கணக்கே ஒத்துக்கொள்வதில்லை. கடிகாரம், பெருக்கல் குறி, சராசரி என்று ஆபீஸில் அடிபடுவது போதாதா? ஒரு வருஷம் படித்த புத்தகங்களை எண்ணினேன். டிசம்பரில் எண்ணிக்கை குறைகிறது என்று மெல்லிசான புத்தகமாகத் தேடிப் பிடித்துப் படித்தேன். எண்ணிக்கை வந்துவிட்டது. ஒன்றின் கதைகூட நினைவில் இல்லை. அதோடு விட்டேன். இப்போது ஒரே புத்தகத்தோடு நான்கு மாதமாகக் கிடக்கிறேன், சுகமாக இருக்கிறது.

#4

போன வருஷப் பட்டியலில் ஒன்றுகூட நடக்காத ஆள் நான்.

பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் வேலை போயிற்று. காலையில் ஒரு மீட்டிங், பதினைந்து நிமிஷம், மாலையில் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. எந்த நிறுவனம் என்பதெல்லாம் வேண்டாம். அடுத்த ஐந்து மாதம் விண்ணப்பம், நேர்காணல், காத்திருப்பு. ஜூலையில் முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில் வேறு ஒரு வேலை கிடைத்தது. டிசம்பரில் பட்டியலை எடுத்தேன். "வெளிநாட்டுப் பயணம்", "புது கேமரா", "டீம் லீட் ஆவது". படிக்கப் படிக்க அவமானமாக இருந்தது. யாரோ வந்து மார்க் போட்டு எல்லாவற்றுக்கும் பூஜ்யம் கொடுத்த மாதிரி.

என் அக்காதான் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இதை எழுதினவளுக்கு வேலை இருந்துச்சுடி. அவ எழுதின பரீட்சையை நீ ஏன் திருத்திக்கிட்டு உட்கார்ந்திருக்க?"

அன்றைக்கு இருவரும் உட்கார்ந்து, பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் நடுவே நான் என்ன செய்தேன் என்று வேறு தாளில் எழுதினோம். 43 விண்ணப்பம். ஒன்பது நேர்காணல். கடன் தவணை ஒன்றுகூடத் தள்ளிப்போகவில்லை. அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்ன நாள். இந்தக் கடைசி ஒன்றை அக்கா எழுதினாள், எனக்குத் தோன்றவில்லை.

இப்போது நான் வருஷத்துக்கு எழுதுவதில்லை, மூன்று மாதத்துக்குத்தான். மார்ச் 31 அன்று தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள். ஒரு வரியைப் பழைய தாளிலிருந்து எடுத்து எழுதும்போது, இது இன்னும் எனக்கு வேண்டுமா, எழுதிவிட்டோமே என்பதற்காக இழுத்துக்கொண்டு போகிறேனா என்று பார்க்கிறேன். கேமரா அப்படித்தான் போயிற்று. வேண்டாம் என்று தெரிந்தபோது லேசாக இருந்தது.

#5

நான் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஏப்ரலில் கொடுப்பதாக நெறியாளரிடம் எழுதியே கொடுத்தவன். கொடுத்தது அக்டோபர். மன்னிப்புக் கேட்கப் போனால் அவர் சிரிக்கிறார். 1994இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். பட்டப்படிப்புக் கடைசி வருஷ மாணவர்களிடம், ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55க்கு மேல். இதில் வேடிக்கை, "எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள்?" என்றும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு 49 நாள் என்றிருக்கிறார்கள். சொதப்பலையும் குறைத்தே மதிப்பிட்டிருக்கிறோம், நான் உட்பட.

இப்போது ஒரு வேலைக்கு நாள் குறிக்கும்போது, இதே மாதிரி வேலை போன தடவை எத்தனை நாள் இழுத்தது என்று பழைய மெயிலில் தேடி, அந்த எண்ணையே போடுகிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் மன்னிப்புக் கடிதம் எழுதும் நேரம் மிச்சமாகிறது.

#6

#3க்கு: நீங்கள் சொல்வது பாதி சரி. ஆனால் எண்ணாமலே இலக்கு வைக்கலாம். "ராத்திரி போன் பார்க்கக் கூடாது" என்று இரண்டு வருஷம் சபதம் போட்டேன். கூடாது கூடாது என்று நினைக்கிறபோதெல்லாம் போன் ஞாபகம்தான் வந்தது. போன வருஷம் வாசகத்தை மாற்றினேன்: "பத்து மணிக்கு போன் ஹாலில் சார்ஜில் இருக்கும்." படுக்கையறைக்கு ஒரு பழைய அலாரம் கடிகாரம் வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான். 2020இல் ஸ்வீடனில் ஆயிரத்துச் சொச்சம் பேரின் புத்தாண்டுத் தீர்மானங்களை ஒரு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. "இதைச் செய்வேன்" என்றவர்களில் சுமார் 59 சதவீதம் பேர் தேறியதாகச் சொன்னார்கள், "இதை விடுவேன்" என்றவர்களில் 47. அவரவர் வாயால் சொன்ன கணக்கு, அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். என் வரைக்கும் அந்தக் கடிகாரம் வேலை செய்கிறது.

#1

தொடங்கி வைத்தவன் மறுபடியும். மூன்று வாரம் ஆகிறது. எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக வட்டம் போடச் சொன்னவருக்கு. அதற்குள் ஐந்து வட்டம் சேர்ந்துவிட்டது.

என் ஒற்றை வரி இப்படி முடிந்தது: "மாலை அலாரம் அடித்ததும், உட்காருவதற்கு முன், செருப்பு." புதிதாக அலாரம் வைக்கவில்லை. பழையது இருந்ததல்லவா, மாலை 6, அதைத்தான் தட்டிவிட்டேன். பெயரைக்கூட மாற்றவில்லை.

போன வாரம் அது அடித்தபோது அப்பா பக்கத்தில் இருந்தார். போனை எட்டிப் பார்த்துவிட்டு, "சொட்டு விடறதுதான் எப்பவோ நின்னுபோச்சே, இன்னும் என்னத்துக்கு அடிக்குது?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "இரு, வரேன்" என்று செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

இப்போது தினமும் இரண்டு பேர் போகிறோம். அரை மணி நேரத்தில் தெருமுனையைத் தாண்டுவதில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அது யார் வீடாக இருந்தது, யார் விற்றார்கள் என்று ஒரு கதை. என் கைக்கடிகாரம் இதை நடையாகவே ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது. நேற்று முழுவதற்கும் 640 காலடிதான் காட்டியது. பெருக்கல் குறியா வட்டமா என்று யோசித்துவிட்டு, பெருக்கல் குறியே போட்டேன்.