சங்ககிரி சொந்தங்கள் குழுவில் ஒரு காலை

12 ஜனவரி 2024, வெள்ளி

காலை 7.04
கவிதா: (படம்) எல்லாருக்கும் வணக்கம். அம்மாவிடம் போன வாரமே சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்கு இப்போது. நவம்பரில் இங்கே அமெரிக்காவில், பீனிக்ஸ் நகரத்து வீட்டைக் காலி செய்துவிட்டேன். படத்தில் இருக்கிற வெள்ளை வேன்தான் இனி வீடு. லீவுக்குச் சுற்றுவதற்கு இல்லை, முழு நேரமும். வேலை அதேதான், வேனுக்குள் உட்கார்ந்து செய்கிறேன்.

7.06
செல்வி அத்தை: யாருடைய வேன் கண்ணு? வேலை போய்விட்டதா?

7.07
கவிதா: வேலை இருக்கிறது அத்தை. வேன் என்னுடையது.

7.07
அம்மா: நான் ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை.

7.08
பிரவீன்: நேற்று ராத்திரி நான்காவது தோசை கேட்டது யாரும்மா?

7.12
செல்வி அத்தை: வாடகை கட்ட முடியவில்லை என்றால் சொல்ல வேண்டியதுதானே. ஊருக்குத் தெரிந்தால், வீடு இல்லாமல் காரில் படுக்கிறாள் என்பார்கள்.

7.16
கவிதா: அப்படிப் படுப்பவர்களும் இங்கே நிறைய இருக்கிறார்கள் அத்தை. எனக்கு இரண்டு வண்டி தள்ளி ஒரு பாட்டி, வயது 71. வாடகை ஏற ஏற, பென்ஷன் போதாமல் பழைய வேனுக்கு வந்துவிட்டார். நான் விரும்பி வந்தவள். இரண்டையும் ‘வேன் வாழ்க்கை’ என்று ஒரே பெயரில் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.
மாதம் 1,650 டாலர் வாடகை கட்டி, ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஏசி மெஷின். நாலு வருஷம் அதைப் பார்த்தது போதும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

7.18
அம்மா: வண்டிக்கு எவ்வளவு ஆனது, அதையும் சொல்.

7.19
கவிதா: 2019 ஃபோர்டு டிரான்சிட், பழையது. 27,000 டாலர். உள்ளே கட்டில், அடுப்பு, கரண்ட் எல்லாம் சேர்த்து இன்னொரு 16,000.

7.19
அம்மா: அந்தக் காசுக்குப் பெருந்துறை ரோட்டில் இடம் வாங்கியிருக்கலாம்.

7.31
பெரியப்பா: எடை போட்டாயா?

7.32
கவிதா: போட்டேன் பெரியப்பா! இதுவரை யாருமே கேட்காத கேள்வி. இங்கே லாரி நிற்கிற இடங்களில் எடை மேடை இருக்கிறது. கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் 9,070 பவுண்டு வரை போகலாம் என்று போட்டிருக்கிறது, நம் கணக்கில் 4,114 கிலோ. தண்ணீரும் பெட்ரோலும் முழுக்க நிரப்பி என்னுடையது 3,600.

7.33
பெரியப்பா: தண்ணீர் எந்தப் பக்கம்? பேட்டரி எந்தப் பக்கம்? டயர் காற்று எவ்வளவு?

7.35
கவிதா: தண்ணீர் இடது, 114 லிட்டர். பேட்டரி வலது.

7.36
பெரியப்பா: சரி. ஒரே பக்கம் பாரம் ஏற்றினால் ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிடும். அடுப்பு காஸா, கரண்டா?

7.41
கவிதா: இரண்டும் இருக்கிறது. கூரையில் 400 வாட் சோலார். 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி இரண்டு, சேர்த்து ஏறக்குறைய இரண்டரை யூனிட். ஃபிரிட்ஜ், ஃபேன், லேப்டாப், நெட் போக மிச்சம் கொஞ்சம்தான். கரண்ட் அடுப்பை அரை மணி நேரம் ஓட்டினாலே முக்கால் யூனிட் காலி. அதனால் குக்கர் காஸில்.

7.42
பெரியப்பா: காஸ் கசிந்தால் மேலே போகாது, தரையில் தங்கும். சிலிண்டர் பெட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா?

7.43
கவிதா: இருக்கிறது. தரையோரம் அதற்கு ஒரு அலாரம், தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயுவுக்கு ஒன்று.

7.49
பெரியப்பா: 87-ல் நாக்பூர் தாண்டிக் குளிர் தாங்காமல், கேபினுக்குள் ஸ்டவ்வைப் பற்ற வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுத்தோம். கிளீனர் பையன் வாந்தி எடுத்த சத்தத்தில்தான் விழித்தேன். அவன் எடுக்காமல் இருந்திருந்தால் இந்த குரூப்பில் நான் இல்லை. எத்தனை குளிராக இருந்தாலும் கண்ணாடி ஒரு விரல் இறங்கியே இருக்கட்டும்.

7.50
செல்வி அத்தை: அண்ணா, இதை எங்களிடம் சொன்னதே இல்லையே!

7.50
பெரியப்பா: யாரும் கேட்கவில்லை.

7.54
கவிதா: நான் வேறு மாதிரிக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் கதவை அடைத்துக்கொண்டு சாம்பார் வைத்தேன். காஸ் எரிந்தால் ஆவியும் சேர்ந்து வருமாம். விடிந்து பார்த்தால் கூரைத் தகரத்திலிருந்து சொட்டுகிறது. தாளித்த வாசம் தலையணையில் மூன்று நாள். இப்போது சமையல் வண்டிக்கு வெளியே, மேசை போட்டு.

7.55
பிரவீன்: எல்லாரும் கேட்கத் தயங்குவதை நான் கேட்கிறேன். காலையில் என்ன செய்கிறாய்?

7.56
கவிதா: கட்டிலுக்கு அடியில் இழுத்தால் வருகிற கழிப்பறை. கீழே ஒரு பெட்டி, நாலு நாளைக்கு ஒரு தடவை கழற்றி, அதற்கென்று இருக்கிற இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். கஷ்டமில்லை, அருவருப்பு. குளிக்க அரை வாளியும் ஒரு சொம்பும். பக்கத்து வண்டிக்காரர்கள் சொம்பை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

7.57
அம்மா: குரூப்பில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

8.02
பிரவீன்: நிற்பதற்கு இடம்? யாரும் விரட்ட மாட்டார்களா?

8.08
கவிதா: ஊருக்குள் நின்றால் விரட்டுவார்கள். இப்போது இருப்பது குவார்ட்ஸைட், அரிசோனாவின் மேற்கு ஓரத்தில் பாலைவனம். மத்திய அரசு நிலம். செப்டம்பர் 15-லிருந்து ஏப்ரல் 15 வரை நிற்க 180 டாலர், ஏழு மாதத்துக்கும் சேர்த்து! தண்ணீர் பிடிக்க, கழிவு கொட்ட இடம் உண்டு. இந்தச் சலுகை இல்லாத மத்திய நிலத்தில் பொதுவாக 14 நாள்தான், அப்புறம் நகர வேண்டும். வெயில் காலத்தில் இங்கே தாங்காது. ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் மலைக் காட்டுக்குப் போய்விடுவேன், 2,100 மீட்டர் உயரம்.

8.10
செல்வி அத்தை: லெட்டர் வந்தால் எங்கே வரும்? விலாசமே இல்லாமல் எப்படி?

8.15
கவிதா: தெற்கு டகோட்டா என்று ஒரு மாநிலம். அங்கே ஒரு ராத்திரி தங்கிய ரசீதும், தபாலை வாங்கித் திருப்பி அனுப்புகிற கம்பெனியின் விலாசமும் காட்டினால், வண்டியிலேயே வாழ்பவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கிறார்கள். வண்டிக்கும் அந்த ஊர் நம்பர்தான்.

8.16
பெரியப்பா: நாகாலாந்து நம்பர் ஆம்னி பஸ் மாதிரி.

8.16
கவிதா: அதேதான் பெரியப்பா 😂 இதெல்லாம் குடியுரிமை வந்த பிறகுதான். எச்1பி வேலை விசாவில் இருந்திருந்தால் வேலை பார்க்கிற ஊர் மாறினாலே கம்பெனி திரும்ப விண்ணப்பம் போட வேண்டும். பாலைவனத்தை எந்த ஊர் என்று எழுதுவது?

8.20
அம்மா: ராத்திரி கதவைத் தட்டினால் என்ன செய்வாய்? அதைச் சொல் முதலில்.

8.24
கவிதா: ஒரு தடவை தட்டினார்கள்மா. வேறொரு ஊரில், ராத்திரி 2 மணி. போலீஸ். இங்கே தூங்கக் கூடாது, கிளம்பு என்றார்கள். கிளம்பினேன். கை நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன்.

8.25
பெரியப்பா: கட்டிலிலிருந்து டிரைவர் சீட்டுக்கு இறங்காமல் போகலாமா?

8.25
கவிதா: போகலாம்.

8.26
பெரியப்பா: அப்படியானால் நடுவில் எந்தச் சாமானும் வைக்காதே. வண்டி மூக்கு எப்போதும் ரோட்டைப் பார்த்து நிற்கட்டும். சாவி எப்போதும் ஒரே ஆணியில். கதவைத் திறந்து பேசாதே. லலிதா, இப்போது எழுந்து போய்ச் சாப்பிடு.

8.31
அம்மா: உடம்புக்கு வந்தால்?

8.36
கவிதா: டிசம்பரில் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள். ஆறு மணிக்குள் இருட்டு, மழை, சோலார் இல்லை. கஞ்சி வைக்க எழ முடியவில்லை. அன்றைக்கு வீடு வேண்டும் என்றுதான் இருந்தது. அந்த 71 வயதுப் பாட்டிதான் சூப் கொண்டுவந்தார்.

8.37
அம்மா: அவருக்குப் பொங்கலுக்கு ஒரு கிண்ணம் கொடு.

8.44
கவிதா: (படம்) பெரியப்பா, இது உங்களுக்கு. இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சமாதி. 1856-ல் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை இழுக்க ஒட்டகங்களைக் கொண்டுவந்தபோது, கூடவே வந்த ஒட்டகக்காரர் ஹாஜி அலி. இவர்கள் வாயில் அந்தப் பெயர் ‘ஹை ஜாலி’ ஆகிவிட்டது. 1902-ல் இங்கேயே இறந்தார். பிரமிடு மாதிரிக் கல், உச்சியில் ஒட்டகம். 1935-ல் மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டியது.

8.46
பெரியப்பா: ரோடு போடுகிற இலாகாவா கட்டியது? ஒட்டகம் ஓட்டினவருக்கா?

8.46
கவிதா: ஆமாம்.

8.52
பெரியப்பா: படத்தைத் தெளிவாக இன்னொன்று எடுத்து அனுப்பு. லாரி ஓனர்கள் சங்கத்தில் காட்ட வேண்டும்.

8.53
பெரியப்பா: டயர் காற்று எவ்வளவு என்று நீ இன்னும் சொல்லவில்லை.