தரங்கம்பாடியில் நாலு நாள்: கரையில ஓடலாமா? பூம்புகார் வரைக்கும் நடக்கலாமா?

கோவை ஓட்டக்காரி கேட்டது:

வணக்கமுங்க. பொங்கல் முடிஞ்ச கையோட நானும் வீட்டுக்காரரும் தரங்கம்பாடி வர்றோம், நாலு நாள் தங்கறோம். ஹாஃப் மாரத்தானுக்குத் தயாராகிட்டு இருக்கறதால தினமும் ஓடணும், அதுல ஒரு நாள் பதினாறு கிலோமீட்டராவது வேணும். இன்னொரு நாள் மூட்டையக் கட்டிட்டு கடற்கரையோரமாவே பூம்புகார் வரைக்கும் நடந்து போலாம்னு அவருக்கு ஆசை. கோவையில ரேஸ் கோர்ஸ்லயும் குளக்கரையிலயும் ஓடிப் பழகினவளுங்க நான், கடலோரம் புதுசு. உள்ளூர்க்காரங்க வழி சொல்லுங்க.

கரைக்காரி எழுதியது:

வாங்க, தாராளமா ஓடுங்க. ஆனா பூம்புகாருக்குக் கரையோரமா நடக்குற யோசனையை மட்டும் விட்டுடுங்க. நான் இந்தக் கரையிலயே பிறந்தவ. அப்பா, அண்ணன் எல்லாம் கடலுக்கு மீன்பிடிக்கப் போறவங்க. நான் அரசு ஆஸ்பத்திரியில நர்ஸ், டியூட்டி இல்லாத காலையில ஓடுவேன்.

மேப்புல பார்த்தா இங்க இருக்குற டேனிஷ் கோட்டையிலேருந்து பூம்புகார் வரைக்கும் ஒரே மணலாத்தான் தெரியும். ஆனா இது கடைமடை, ஆத்துத் தண்ணி வந்து முடியுற இடம். தெற்கே உப்பனாறு, நண்டலாறு, வடக்கே போனா வடிகாலுங்க, கடைசியில காவிரி. எல்லாம் இந்தக் கரையிலதான் கடல்ல விழுது. கோடையில முகத்துவாரத்தை மணல் மூடிக்கும், சில இடத்துல கால் நனையாமத் தாண்டிடலாம். ஐப்பசி கார்த்திகை மழையில அது உடைச்சுக்கும். மேட்டூரும் தண்ணி இருக்குற வருசம் ஜூன் 12-லேருந்து ஜனவரி 28 வரைக்கும் திறந்திருக்கும். அதனால தை மாசம் முகம் அடைஞ்சிருக்கும்னு நம்பி வராதீங்க. முழங்கால் தண்ணிதானேன்னு இறங்குவீங்க, காலுக்குக் கீழ மணல் கரையும். வத்தம் நேரத்துல, அதாவது கடல் தண்ணி இறங்குறப்ப, ஆத்துத் தண்ணி மொத்தமும் கடலைப் பார்த்து இழுக்கும். சரி, உள்ள தள்ளிப் போய்க் கடப்போம்னா அங்க உளைச் சேறு. வச்ச காலை உருவ முடியாது. அப்படி இறங்கினவங்களைத் தூக்கிட்டு வந்தப்ப ஸ்ட்ரெச்சர் பக்கத்துல நின்னிருக்கேன். நீச்சல் தெரிஞ்ச வெளியூர்ப் பிள்ளைங்க. நினைச்சா இன்னிக்கும் நெஞ்சு பதறுது, அதனாலதான் இவ்வளவு எழுதுறேன். பூம்புகாருக்கு பஸ் இருக்கு. அங்க இறங்கி அந்த ஊர்க் கரையில ஆசை தீர நடங்க.

ஓட்டத்துக்கு வருவோம். தையில சூரியன் ஆறரைக்குத்தான் வரும், வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்க. கோட்டை முன்னால ஈர மணல் கெட்டியா இருக்கும், ஆனா கடல் பக்கமாச் சரிவு. ஒரே பக்கமா ரொம்ப தூரம் ஓடினா முட்டி சொல்லிடும். போன வழியிலயே திரும்பி வந்தா ரெண்டு காலுக்கும் சமமாயிடும். அந்த மாசம் வாடை வடக்கேயிருந்து அடிக்கும், முதல்ல காத்தை எதிர்த்து வடக்க போங்க, களைச்சுத் திரும்பும்போது முதுகுல தள்ளும். மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கல்லு மேல ஏற வேண்டாம், பாசி. அப்புறம் ராஜ வீதி வழியா 1792-ல கட்டின அந்த நுழைவாயில் வரைக்கும் போய் வாங்க. 1620-ல கட்டின கோட்டையும் பழைய தேவாலயங்களும் இருக்குற தெரு, காலையில வண்டி கம்மி.

படகு கரையேறுற இடத்துல ஓடாதீங்க, நடந்து பின்பக்கமாச் சுத்திப் போங்க. கயிறு இழுத்திருப்பாங்க, கால்ல மாட்டும். காயப்போட்ட வலையை மிதிச்சுடாதீங்க, அதுதான் அவங்க சோறு. மீன் பிரிக்குற இடத்துல நாய் நிறைய. ஓடுறவங்களைத் துரத்தும், நடக்குறவங்களை விட்டுடும். ஜனவரியிலேருந்து பங்குனி ஆமை முட்டையிட ஏறும். ராத்திரி கரையில டார்ச் அடிக்காதீங்க, பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீங்க.

மன்னார்குடி மிராசு எழுதியது:

அம்மா, பதினாறு கிலோமீட்டரை ஈ.சி.ஆர்ல வச்சுக்காதே. தை மாசத்துல விடிஞ்சும் பனி மூடியிருக்கும், லாரிக்காரனுக்கு ஆள் தெரியாது. உள்ளே ஆத்தங்கரைச் சாலையிலயோ வாய்க்கால் கரையிலயோ ஓடு. எங்க ஊருப் பக்கம் பிள்ளைங்க அப்படித்தான் ஓடுது. வலது ஓரமா, எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்தாப்ல ஓடணும்.

சம்பா அறுப்பு ஆரம்பிக்கிற நேரம் நீ வர்றே. அறுவடை மிஷினும் டிராக்டரும் ரோட்டுல வரும், ரோட்டுலயே நெல்லும் காயும். அது மேல செருப்புக் காலோட போயிடாதே, ஒதுங்கிப் போ. மெழுகுன தரை மாதிரி வழுக்கவும் செய்யும். வரப்புலயும் வைக்கோல் போர்கிட்டயும் கண்ணாடி விரியன் கிடக்கும், அதனால புல்லுக்குள்ள கால் வைக்காம நடுத்தடத்துலயே போ. வேர்த்து வந்ததும் ஆத்துல குதிக்கலாம்னு தோணும். மதகுகிட்ட, ரெகுலேட்டர்கிட்ட இறங்கவே கூடாது, அடியில சுழல் இருக்கும். ஊர்ப் பொம்பளைங்க குளிக்கிற துறையில இறங்கு.

வேதாரண்யத்தான் எழுதியது:

வீட்டுக்காரருக்கு நடந்தே ஆகணும்னா கோடியக்கரைக்குக் கூட்டிட்டு வாங்க. வனத்துறை சாவடியில அனுமதி வாங்கிட்டு உள்ள போகலாம். வெளிமான் கூட்டம், காட்டுக் குதிரை, பூநாரை எல்லாம் இந்த சீசன்ல பார்க்கலாம். தடத்தை விட்டு விலகாதீங்க, சதுப்பு மேல காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம். நிழல் கம்மி, ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணியாவது எடுத்துக்குங்க. ராஜாஜி 1930-ல திருச்சியிலேருந்து எங்க வேதாரண்யம் வரைக்கும் நடந்தாரே உப்பெடுக்க, சுமார் 240 கிலோமீட்டர், ஏப்ரல் வெயில்ல. அவங்களும் கும்பகோணம் வழியா ரோட்டோடதான் வந்தாங்க.

கோவை ஓட்டக்காரி கேட்டது:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பூம்புகார் நடையை விட்டாச்சுங்க, அவரும் ஒத்துக்கிட்டாரு. ஒண்ணே ஒண்ணு: அவரு தூங்கிட்டு இருப்பாரு, நான் தனியா ஓடலாமுங்களா? பாம்பு கடிச்சா என்ன பண்றது?

கரைக்காரி எழுதியது:

ஊருக்குள்ள, கோட்டைப் பக்கம் தனியா ஓடலாம், நானே ஓடுறேன். முழங்கால் தாண்டின டிராக் பேன்ட், தொளதொள டி-ஷர்ட் போட்டா வேடிக்கை பார்க்குற கண்ணும் கம்மியாகும். கரையில உட்கார்ந்திருக்குற அம்மாக்கள்கிட்ட முதல் நாளே "அந்த லாட்ஜ்ல தங்கியிருக்கோம்மா"ன்னு சொல்லி வைங்க, அடுத்த நாள் நீங்க வரலைன்னா அவங்களே தேடுவாங்க. சவுக்குத் தோப்புக்குள்ளயும், பதினாறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் தனியா வேண்டாம். அன்னிக்கு அவரை எழுப்பி சைக்கிள்ல கூட வரச் சொல்லுங்க.

பாம்பு கடிச்சா கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, கயிறு கட்டி இறுக்காதீங்க. கடிச்ச காலை ஆட்டாம வச்சுட்டு 108-க்குக் கூப்பிடுங்க. மந்திரிக்கிறவர்கிட்டப் போய் நிக்குற நேரத்துலதான் எங்ககிட்ட வர்றவங்க கெடுறாங்க. விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில இலவசம். நாய் கடிச்சா ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு கால் மணி நேரம் கழுவிட்டு, அன்னிக்கே வந்து ஊசி போட்டுக்குங்க. வலையிலேருந்து கொட்டின குப்பையில கடல் பாம்பு கிடக்கும், செத்த மாதிரி இருந்தாலும் தொடாதீங்க. நம்ம ஊர்ல இருக்குற மருந்து அதுக்குக் கேட்காது.

கடல்ல யாராவது தத்தளிக்கிறதைப் பார்த்தா நீங்க இறங்காதீங்க. கரையில இருக்குற எங்க ஆளுங்களைக் கத்திக் கூப்பிடுங்க, கடலோரக் காவல் 1093-க்கும் போன் பண்ணுங்க.