வெங்காரத்தை விட்டு ஃபிரிட்டுக்கு வந்த கதை

கொழிஞ்சாம்பாறையில் வீட்டுக்குப் பின்னால் மண்பாத்திரம் சுடச் சின்ன மின்சூளை வைத்திருக்கிறேன். நான் சுடும் சூடு, குயவர் கணக்கில் கோன் 04, அதாவது ஏறக்குறைய 1060 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் போனால் எங்கள் செம்மண் வளைந்துவிடும். அந்தச் சூட்டில் கிளேஸ், அதாவது பாத்திரத்தின் மேல் கண்ணாடி மாதிரிப் படியும் பூச்சு, உருகப் போரான் வேண்டும் என்றார்கள். நாட்டு மருந்துக் கடையில் போரான் உள்ள வெங்காரம் வாங்கினேன்.

வெந்நீரில் கரைத்து, மற்ற பொடிகளைக் கலந்து, கோப்பைகளை முக்கித் திண்ணையில் வைத்தேன். டிசம்பர் மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் பார்த்தால், காற்று அடித்த பக்கத்து விளிம்பில் உவர்ச்சுவர் மாதிரி வெள்ளை பூத்திருக்கிறது. சுட்டு எடுத்ததும் அந்தப் பக்கம் வழிந்து அடித்தட்டில் ஒட்டியிருந்தது, மறுபக்கம் சொரசொர. மீதி வாளியில் மறுநாள் கற்கண்டு மாதிரிக் கட்டிகள். வெங்காரம் தண்ணீரில் கரைகிற பொருள். தண்ணீர் எங்கே ஆவியாகிறதோ அங்கே கூடவே போய்விடும்.

ஃபிரிட் என்றால் அதே போரானை மணல், சுண்ணாம்போடு சேர்த்து உருக்கி, தழல் ஆறுமுன் தண்ணீரில் கொட்டி நொறுக்கி, மாவாக அரைத்த கண்ணாடி. அதற்குள் போன போரான் அவ்வளவு லேசில் கரையாது. 85 பங்கு ஃபிரிட், 15 பங்கு சீனக்களிமண் என்று கலந்தேன். அதே திண்ணை, அதே காற்று. கோப்பை சுற்றிலும் ஒரே பளபளப்பு. அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

களிமண்ணை மட்டும் குறைக்காதீர்கள். ஒருமுறை 5 பங்கு போட்டேன். கிளேஸ் வாளியடியில் சிமெண்ட் மாதிரி இறுகி, தோசைத் திருப்பியால் சுரண்ட வேண்டியதாயிற்று. 2 பங்கு பெண்டோனைட் என்ற நயமான களிமண் சேர்த்தால் பொடி மிதந்து நிற்கும்.

*

அக்கா, உங்கள் ஃபிரிட் கதையைப் படித்தேன். நான் ஆந்திராவில் பலமனேர் பக்கம். ஒரு கடையில் "குறைந்த சூட்டுக்கு நல்ல பளபளப்பு" என்று கொடுத்த ஃபிரிட்டை வாங்கி ஊறுகாய் ஜாடிகளுக்குப் பூசினேன். தேன் மாதிரி நிறம், கண்ணை எடுக்க முடியவில்லை. அப்புறம் விசாரித்தால் அதில் ஈயம், ஈயச்சொம்பு வெள்ளீயம் இல்லை, நஞ்சான காரீயம். ஃபிரிட்டாக உருக்கிவிட்டால் பூசுகிறவருக்கு ஆபத்து குறையுமே தவிர, போய்விடாது. ஜாடியில் எலுமிச்சையும் புளியும் ஊறினால் ஈயம் இறங்கலாம். விற்ற மூன்றையும் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கி வந்தேன். என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதித் தராத கடையில் இப்போது வாங்குவதில்லை. உங்கள் ஃபிரிட் ஈயமில்லாததுதானா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள் அக்கா.