‘ஆச்சி வீடு’ குழுவில் ஒரு வியாழக்கிழமை மாலை

செல்வி (5:06)
கவினின் ஆசிரியை இன்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்: “தமிழ் வாசிப்பில் மிகவும் தடுமாறுகிறான். வீட்டில் பயிற்சி கொடுக்கவும்.” மூன்றாம் வகுப்பு வந்தாகிவிட்டது. தினமும் இரவு பாடப்புத்தகத்தோடு உட்கார வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு வரி வாசிப்பதற்குள் தாகம் எடுக்கிறது, வயிறு வலிக்கிறது, பென்சில் காணாமல் போகிறது. நேற்று அழுதேவிட்டான். வசந்தி, நீ தினமும் இதைத்தானே பார்க்கிறாய், ஒரு வழி சொல். இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறேன். பஸ்ஸில் ஏறியதும் பார்க்கிறேன்.

சங்கரன் (5:09)
*முன்னனுப்பப்பட்டது*
பெற்றோர்களே!! பத்துப் பேருக்காவது பகிருங்கள்!! அதிகாலை 4 மணிக்குப் பிள்ளையை எழுப்பி, வெறும் வயிற்றில் ஐந்து வல்லாரை இலை கொடுத்து, கிழக்கு முகமாக உட்கார வைத்து உரக்க வாசிக்கச் சொன்னால்... *மேலும் வாசிக்க*

மலர் (5:10)
அப்பா, என்னை எந்தக் காலத்தில் 4 மணிக்கு எழுப்பினீர்கள்? நீங்களே ஆறரைக்குத்தான் எழுந்திருப்பீர்கள்.

சங்கரன் (5:11)
வல்லாரை நல்லதுதானே. அதற்காகத்தான் அனுப்பினேன்.

தேவி (5:14)
*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

வசந்தி (5:15)
மதினி, நீங்கள் நீக்குவதற்குள் வாசித்துவிட்டேன். யாழினி இரண்டாம் வகுப்பிலேயே சரளமாக வாசித்தாள், சந்தோஷம்தான். கவின் காதில் மட்டும் அது விழ வேண்டாம்.

தேவி (5:16)
அதனால்தான் நீக்கினேன் வசந்தி.

குமார் (5:19)
இங்கே சென்னையில் ஒரு கடையில் அறுபது புத்தகம் அடங்கிய பெட்டி ஒன்று பார்த்தேன். எல்லாம் ஆங்கிலம், படங்கள் பிரமாதம். வாங்கி அனுப்பட்டுமா?

வசந்தி (5:20)
வேண்டாம் அண்ணா. இப்போது அவன் இருக்கிற மனநிலையில் அது அறுபது பாடப்புத்தகம் வந்து இறங்கியதாகத்தான் தெரியும். அக்கா, எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று கவனித்தாயா? எழுத்திலா, சொல்லிலா?

செல்வி (5:33)
இப்போதுதான் இடம் கிடைத்தது. கொ, கோ வருகிற இடங்களில். ‘கொக்கு’ என்று இருந்தால் ‘கெ’ என்று தொடங்கி, ‘கா’ என்று போய், விழிக்கிறான். ‘தோட்டம்’ என்றால் ‘தே... தா...’. வகுப்பில் எழுந்து நின்று வாசித்தபோது பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து புத்தகத்தைக் கண்டாலே முகம் மாறிவிடுகிறது.

வசந்தி (5:41)
அப்படியானால் அவனிடம் கோளாறு எதுவும் இல்லை. இடமிருந்து வலமாக வாசி என்று நாம்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ‘கொ’வில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. கொம்பைப் பார்த்ததும் வாய் ‘கெ’ என்று முந்திக்கொள்ளும். கண் பிறகுதான் காலைப் பார்க்கும். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இந்த இடத்தில் இடறித்தான் எழுந்திருக்கிறார்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து, நடுவில் சின்ன ஜன்னல் வெட்டு. கொம்பு, எழுத்து, கால் மூன்றும் ஒன்றாகத் தெரிகிற அகலம் போதும். அதை வரி மேல் வைத்து நகர்த்தினால் முழு எழுத்தும் ஒரே பார்வையில் கிடைக்கும். அப்புறம் செல்–சொல், தேள்–தோள், பேர்–போர் என்று ஜோடி ஜோடியாகச் சீட்டு எழுதி விளையாடுங்கள். ‘தோளில் தேள்’ என்று யாராவது ஒருவர் கத்தினால் போதும், அந்த வரிசை மறக்காது. ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

வசந்தி (5:44)
இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளை வீட்டில் ‘வந்துச்சு’ என்று கேட்டு வளர்கிறான். புத்தகத்தைத் திறந்தால் ‘வந்தது’ என்று இருக்கிறது. காதில் விழாத தமிழை வாய் எப்படிச் சட்டென்று சொல்லும்? நாம் வாசித்துக் காட்டினால்தான் அந்த நடை காதுக்குப் பழகும். அவனை வாசிக்கச் சொல்லிவிட்டு நீ காய் நறுக்கிக்கொண்டே திருத்துகிறாயே, அதைக் கொஞ்ச நாள் நிறுத்து. நீ வாசி, அவன் கேட்கட்டும். பெரியண்ணன் இந்தக் குழுவில் பேச்சுத் தமிழில் எழுதக் கூடாது என்று சட்டம் போட்டபோது நான்கூடச் சிரித்தேன். அது இதற்கும் உதவும் போலிருக்கிறது.

சங்கரன் (5:46)
சட்டம் போட்டவனுக்கு இப்போதாவது மரியாதை கிடைத்ததே. ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்களைப் பிரம்பை வைத்துக்கொண்டுதான் வாசிக்க வைத்தார்கள். நாங்கள் வாசிக்கவில்லையா?

வசந்தி (5:48)
வாசித்தவர்கள் நீங்கள் இருக்கிறீர்கள், சொல்கிறீர்கள். பிரம்புக்குப் பயந்து ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் இந்தக் குழுவில் இல்லையே அண்ணா.

சங்கரன் (5:52)
சரி. சுடலைமுத்துவும் அவன் தம்பியும் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்கள். நான் பேசவில்லை.

ஆச்சி (6:02)
*குரல் செய்தி 1:12*
“எல்லாரும் சௌக்கியமா? நீங்கள் போட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆச்சிக்கு எழுத்துத் தெரியாதே, யார் வாசித்துச் சொல்வார்கள் என்று ஒருவராவது யோசித்தீர்களா? இவன்தான் சொல்கிறான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனை எடுத்து, யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் வாசிப்பான். இன்றைக்கு முதல் செய்தியைப் பார்த்துவிட்டு, ‘அம்மா ஏதோ ஆபீஸ் விஷயம் போட்டிருக்கிறாள் ஆச்சி’ என்று தாண்டிப் போய்விட்டான். வல்லாரைக்கு விழுந்து விழுந்து சிரித்தான். யாழினி பேர் வந்ததும் முகம் சுண்டிப்போயிற்று. என்னடா என்று கேட்டேன். அப்புறம்தான் மறைத்ததையும் வாசித்தான்.”

செல்வி (6:04)
ஐயோ! எல்லாவற்றையும் அவனா வாசித்தான்?

மலர் (6:04)
அத்தை, தாண்டிப் போவதென்றால் முதலில் அதை வாசித்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டுமே!

குமார் (6:05)
அதுவும் ஆபீஸ் விஷயம் என்று ஒரு பொய்யைத் தயார் செய்கிற அளவுக்குப் புரிந்திருக்கிறது.

வசந்தி (6:06)
அம்மா, அவன் தப்பாக வாசித்தால் நீ என்ன செய்வாய்?

ஆச்சி (6:09)
*குரல் செய்தி 0:58*
“தப்பு எது, சரி எது என்று எனக்கு எங்கே தெரிகிறது? விஷயம் விளங்கவில்லை என்றால் ‘என்னடா சொல்கிறாய்?’ என்பேன். அவனே திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு, ‘இல்லை ஆச்சி, அது தோட்டம்’ என்பான். ‘சரி, அப்புறம்?’ என்பேன். அவ்வளவுதான். காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்து ராசிபலன் சொல்வதும் அவன்தான். போன வாரம் என் ராசிக்கு ‘பேரனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் நன்மை’ என்று போட்டிருந்தது. வாங்கிக் கொடுத்தேன்.”

தேவி (6:10)
அத்தை, அந்தத் தாளில் ஒரு ராசிக்கு ஒரே ஒரு சொல்தான் இருக்கும். அன்றைக்கு ‘செலவு’ என்று போட்டிருப்பார்கள்.

ஆச்சி (6:11)
*குரல் செய்தி 0:04*
“பலித்துவிட்டது, பார்த்தாயா?”

வசந்தி (6:18)
அக்கா, சிரித்து முடித்துவிட்டேன், இப்போது கேள். வகுப்பில் இருக்கிற அத்தனை காதும் அவன் எங்கே தப்புவான் என்று காத்திருக்கிறது. வீட்டுக்கு வந்தால் நீயும் அப்படியே உட்காருகிறாய். அம்மாவுக்கு மட்டும்தான் அடுத்து என்ன நடந்தது என்று தெரிய வேண்டியிருக்கிறது. அவனும் அதற்காக வாசிக்கிறான். தடுமாறினால் அவனாகவே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொள்கிறான் என்கிறாளே, வாசிப்பில் அதைவிட முக்கியமான பழக்கம் கிடையாது. நாம் உடனுக்குடன் திருத்தித் திருத்தி அந்தப் பழக்கம் வளரவே விடுவதில்லை.

ஒரு சொல்லில் நின்றால் மனதுக்குள் ஐந்து எண்ணு. வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. ‘சென்றான்’ என்பதைப் ‘போனான்’ என்று வாசித்தால் அந்த நேரத்தில் விட்டுவிடு, பொருள் பிடிபட்டுத்தான் அப்படிச் சொல்கிறான். கொம்பு, கால் வேலையெல்லாம் சீட்டு விளையாட்டோடு. கதை நேரத்தில் அதைக் கொண்டுவந்து நுழைக்காதே.

செல்வி (6:22)
எல்லாம் சரி. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? அங்கே ஆச்சி வரமாட்டாள்.

வசந்தி (6:27)
ஆசிரியையை நேரில் போய்ப் பார். சண்டைக்கு இல்லை. நாளை எந்தப் பத்தி என்று முதல் நாளே சொல்லச் சொல். அவன் வீட்டில் நம் அம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு வரட்டும். முடிந்தால் தனியாக நிற்க வைக்காமல் பக்கத்துப் பையனோடு சேர்ந்து வாசிக்க விடச் சொல். தெரிந்த பத்தியை ஒருமுறை தடையில்லாமல் வாசித்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அரசுப் பள்ளிகளில் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு ஒரு நல்லது நடந்தது. வகுப்பு எதுவானாலும் பிள்ளை இருக்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு அரும்புப் பயிற்சி செய்தால் யாரும் சிரிப்பதில்லை. பதிவேடு எழுதுகிற வேலை கூடிவிட்டது, அதைப் பற்றிக் கேட்காதீர்கள், விடிந்துவிடும்.

மலர் (6:28)
மலர்தான் கடைசி நிலை. குழுவினர் குறித்துக்கொள்ளவும்.

செல்வி (6:30)
பாடப்புத்தகம் வேண்டாம் என்றால் வேறு என்னதான் கொடுப்பது?

வசந்தி (6:36)
எங்கள் பள்ளிக்கு ‘வாசிப்பு இயக்க’த்தில் குட்டிக் குட்டிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ‘ஒரு புத்தகம் முடித்துவிட்டேன்’ என்று சொல்லிக்கொள்வதில் பிள்ளைகளுக்கு இருக்கிற பெருமை இருக்கிறதே! ஆனால் அவை பள்ளிக்கூடத்துச் சொத்து, எடுத்து வர முடியாது. பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இருக்கின்றன, இலவசம். முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான்.

செல்வி (6:38)
மறுபடியும் போனா? அதுவும் முதல் நிலை என்றால் ‘இது பாப்பா புத்தகம்’ என்று தூக்கிப் போட்டுவிடுவான்.

வசந்தி (6:40)
இறக்கி அச்செடுத்துத் தைத்துக் கொடு. எதிர்வீட்டுப் பாப்பாவுக்குக் கதை வாசித்துக் காட்டுகிற பொறுப்பை அவனிடம் விடு. பாப்பா புத்தகத்தைப் பாப்பாவுக்காக வாசிப்பதில் என்ன வெட்கம்?

குமார் (6:41)
அச்செடுத்து அனுப்புவது என் பொறுப்பு. அறுபது புத்தகப் பெட்டியை மறந்துவிட்டேன்.

சங்கரன் (6:49)
*புகைப்படம்*
பரணிலிருந்து அப்பாவின் கணக்கு நோட்டை எடுத்தேன். 1974இல் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது எழுதிய சாமான் பட்டியல். மருமகனே, இதை வாசி பார்க்கலாம். உன் அம்மாவாலேயே முடியாது.

மலர் (6:50)
அப்பா, அதில் ‘லை’ எல்லாம் பழைய எழுத்து. 1978இல் அரசு மாற்றியதற்கு முந்தையது. எனக்கே கண்ணைக் கட்டுகிறது, பாவம் அவன்.

ஆச்சி (7:01)
மாமா நான் கவின். இதில் லை எல்லாம் தும்பிக்கை வைத்திருக்கிறது. வெற்றிலை, வாழை இலை, மாலை, தலையணை. தலையணைக்கு இரண்டு தும்பிக்கை. கடைசி வரி அழிந்துவிட்டது. பால் காய்ச்சுவதற்கு எதற்குத் தலையணை

ஆச்சி (7:02)
*குரல் செய்தி 0:21*
“வெளியூரிலிருந்து வந்த சனமெல்லாம் ராத்திரி எங்கே தலை வைத்துப் படுக்கும்? கடைசி வரி விளக்கெண்ணெயாக இருக்கும், உங்கள் தாத்தா அதை எப்போதும் கடைசியில்தான் எழுதுவார்.”

செல்வி (7:04)
இது அவனே வாசித்தானா? அம்மா, பக்கத்தில் வேறு யாரும் இல்லையே?

ஆச்சி (7:05)
*குரல் செய்தி 0:09*
“நானும் அவனும்தான். எண்ணெய்க்கு என்ன எழுத்து என்று என்னிடமே கேட்கிறான்.”

சங்கரன் (7:11)
ஞாயிற்றுக்கிழமை அவனைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போகிறேன். 2023இல் திறந்ததிலிருந்து புதுநத்தம் சாலை வழியாகப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், ஒருநாளும் உள்ளே போனதில்லை. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறோம், வசூல் செய்ய வேண்டாமா? நல்ல குறள் விளக்க நூலாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறேன்.

வசந்தி (7:12)
அண்ணா, நீங்கள் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். பஸ் படம் போட்ட புத்தகமோ டைனோசரோ, அவன் கை எதற்குப் போகிறதோ அது. பாதியில் வைத்துவிட்டு வேறு எடுத்தாலும் கேள்வி கேட்காதீர்கள். ‘என்ன கற்றுக்கொண்டாய்?’ என்று வரும் வழியில் பரீட்சையும் வேண்டாம்.

சங்கரன் (7:13)
அப்படியானால் நான் அங்கே என்ன செய்வது?

வசந்தி (7:13)
நீங்களும் ஒரு புத்தகத்தை எடுத்து வைத்து வாசியுங்கள்.

செல்வி (7:20)
வீட்டுக்கு வந்துவிட்டேன். கையில் கல்யாணப் பத்திரிகையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்திருக்கிறான். ஜன்னல் வெட்டுகிறானாம். அடுத்த மாதம் போக வேண்டிய கல்யாணத்தின் பத்திரிகை அது. இன்று இரவு பாடப்புத்தகம் கிடையாது, நான்தான் வாசிக்கப் போகிறேன்.

தேவி (7:22)
கல்யாணம் எந்த மண்டபத்தில் என்று முதலில் படம் எடுத்து வைத்துக்கொள் செல்வி.

ஆச்சி (7:26)
மாமா ஞாயிறு பத்து மணிக்கு வந்துவிடுங்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கு. கவின்

சங்கரன் (7:27)
போகும்போது உனக்கு. வரும்போது எனக்கு.