நீலக் கல்லைத் தோண்டியவர்கள் கை தூக்குங்கள்: மைன்கிராஃப்ட் கட்டடங்களில் மாட்டிய கதைகள்

மணல்மேடு

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை வைத்து ஒரு வாரமாக வீட்டில் தகராறு. தம்பி மகனுக்குப் பதினொரு வயது. "பெரியப்பா, பாலைவனக் கோயில் வேஸ்ட். நாலு பெட்டி, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு டிரையல் சேம்பர் மாதிரி ஏதாவது வைக்கலாம்" என்கிறான். டிரையல் சேம்பர் என்றால் அரக்கன்களோடு மோதிப் பரிசு வாங்கும் அறைகள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வரக்கூடாதுதான், ஆனால் வந்தது.

நான் அந்தக் கோயிலை முதன்முதலில் பார்த்தது 2013 வாக்கில். அது விளையாட்டில் சேர்ந்ததே முந்தைய ஆண்டு, 1.3.1 பதிப்பில். அப்போதெல்லாம் கோயில் எப்போதும் ஒரே உயரத்தில்தான் எழும். சுற்றிலும் மணல் உயரமாக இருந்தால் பாதி புதைந்துவிடும். எனக்குக் கிடைத்தது அப்படி ஒன்று. மணலுக்கு மேலே இரண்டு கோபுர உச்சி மட்டும், அதில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ குறி. யாரோ வேறொரு ஆள் இந்த உலகத்தில் இருக்கிறானோ என்று ஒரு நிமிடம் உண்மையிலேயே பயந்தேன். தனியாக ஆடும் உலகம் அது.

மணலை அள்ளிக்கொண்டே உள்ளே போனால் பெரிய வெற்றுக் கூடம். பெட்டி இல்லை, பூதம் இல்லை. தரையில் மட்டும் ஆரஞ்சுக் கோலம், நடுவில் ஒரே ஒரு நீலக் கல். அவ்வளவு பெரிய கூடத்தில் அந்த ஒன்றுதான் நீலம். வேறு எதையும் பார்க்கத் தோன்றாது. நானும் அதன் மேலேயே நின்று அதையே தோண்டினேன். நேராகக் கீழே. விழுந்த இடத்தில் கல் தட்டு ஒன்று, காலடியில் 'டிக்' என்றது. நாலு பக்கமும் நாலு பெட்டி. இதயம் பாதி போயிருந்தாலும் புதையலைப் பார்த்த சந்தோஷத்தில் முதல் பெட்டியைத் திறந்தேன். உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. தட்டுக்கு அடியில் ஒன்பது டிஎன்டி வெடி இருந்தது என்பது மட்டும் அப்புறம் தெரிந்தது.

நான் சொல்வது இதைத்தான்: அந்தக் கட்டடம், தெரியாமல் நுழைகிறவனுக்காகக் கட்டியது. தரையைப் பார்க்க வைக்கிறது, ஆசை காட்டுகிறது, அவசரப்பட்டவனைத் தண்டிக்கிறது. ஒரு எழுத்துகூட இல்லாமல். பையனோ எல்லாவற்றையும் வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைக்கிறான். சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். எந்தக் கட்டடம் உங்களை நிறுத்தி வைத்தது, எது ஏமாற்றியது?

இருட்டுக்காடு

ஏமாற்றியது என்றால் நான்தான் முதலில் எழுத வேண்டும். மேன்ஷன், இருட்டுக் காட்டுக்குள் நிற்கும் பெரிய மாளிகை.

1.11 வந்த புதிது. வரைபடக்கார கிராமத்தானிடம் கை நிறைய மரகதமும் ஒரு திசைகாட்டியும் கொடுத்து மேப் வாங்கினேன். அந்த மரகதத்துக்காகக் கரும்பு வெட்டிக் காகிதம் செய்து விற்றே ஒரு சாயங்காலம் போனது. மேப்பின் ஓரத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். எவ்வளவு தூரம் என்று அது சொல்லாது. மூன்று நாள் நடந்தேன். விளையாட்டு நாள் இல்லை, என் நாள். குதிரை ஒரு பள்ளத்தாக்கில் போச்சு. மிச்சத்தைப் படகில்.

போய்ப் பார்த்தால் கருத்த மரத்தில் ஒரு பெரிய பெட்டி. மூன்று மாடி. நீளநீளமாய் நடைபாதை, இரண்டு பக்கமும் அறை, கதவைத் திறந்தால் ஒரு மேசை, ஒரு பூந்தொட்டி. அடுத்த அறையில் இன்னொரு மேசை. கோடாலிக்காரன்கள் ஓடிவருவார்கள், மந்திரக்காரன் சுவரை ஊடுருவும் குட்டிப் பிசாசுகளை ஏவுவான், அவனைக் கொன்றால் டோட்டம், சாவிலிருந்து ஒருமுறை காப்பாற்றும் பொம்மை. அதற்காகத்தான் எல்லோரும் போகிறார்கள். ஆனால் அந்த வீட்டில் யார் வாழ்ந்தார்கள், சமையல் எங்கே செய்தார்கள், ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள்? ஒன்றும் புரியாது. லாட்ஜ் மாதிரி இருக்கிறது. டோட்டத்தை எடுத்துக்கொண்டு, கோபத்தில் வரவேற்புக் கூடத்துக்குத் தீ வைத்துவிட்டு வந்தேன். அது மட்டும் நன்றாக எரிந்தது.

பூனைச்சிலை

அண்ணா, மன்னிக்கவும், நீங்கள் அறைகளைச் சரியாகப் பார்க்கவில்லை. கதவே இல்லாத அறைகள் இருக்கின்றன. வெளியே ஜன்னலை எண்ணிவிட்டு உள்ளே அறையை எண்ணினால் கணக்கு இடிக்கும். அப்படித்தான் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். சுவரை உடைத்தால் ஒரு தொட்டி லாவா, அதற்குள் அப்சிடியன் என்ற கடினக் கல், அதை உடைத்தால் உள்ளே ஒரு வைர பிளாக். வேறொரு அறையில் கம்பளியால் செய்த பெரிய பூனை. எதற்குப் பூனை? தெரியாது. அதனால்தான் எனக்கு அந்த வீடு பிடிக்கும். கிறுக்குப்பிடித்த பணக்காரன் வீடு அது.

தீ வைத்தபோது அந்தப் பூனையும் சேர்ந்து எரிந்திருக்கும், யோசித்தீர்களா?

இருட்டுக்காடு

பூனை இருந்தது தெரியாது தம்பி. ஆனால் மூன்று நாள் நடந்து வந்தவன் ஜன்னலை எண்ணிக்கொண்டிருப்பானா?

பழைய பீட்டா

நான் இங்கே எல்லோரையும்விட வயதானவன் என்று நினைக்கிறேன். கிராமங்கள் முதலில் வந்தபோது, முழு வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பான பீட்டா 1.8-இல், அவற்றில் ஆளே கிடையாது. வீடு இருக்கும், வயல் இருக்கும், கிணறு இருக்கும். மனிதர்கள் முழுப் பதிப்பான 1.0-இல்தான் வந்தார்கள். அந்த இரண்டு மாத இடைவெளியில் விளையாடியவர்களுக்கு மட்டும்தான் அந்தத் தனிமை தெரியும். சாயங்காலம் ஒரு கிராமத்துக்குள் நுழைந்து வீடு வீடாகக் கதவைத் திறந்து பார்த்தேன். எல்லாம் காலி. விளையாட்டு இன்னும் முடிக்கப்படவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் எனக்கு ஏதோ கொள்ளைநோய் வந்து ஊரே காலிசெய்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

2019-இல் 1.14 வந்தபோது கிராமங்களை அடியோடு மாற்றினார்கள். பாலைவனத்துக்கு ஒரு பாணி, பனிக்கு ஒரு பாணி, சவன்னாவுக்கு ஒன்று என்று ஐந்து விதம். ஒவ்வொரு வீட்டையும் ஆட்கள் கையாலேயே கட்டி, அச்சாகச் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஜிக்சா பிளாக் என்று ஒன்று, இந்த வீட்டு முனையை அந்தத் தெரு முனையோடு கோக்கும். ரயில் பெட்டி மாட்டுகிற மாதிரி. தரை மேடுபள்ளமாக இருந்தால் வீட்டுக்கு அடியில் மண்ணைத் தானே நிரப்பிக்கொள்ளும். அந்த வேலைக்கு விளையாட்டின் கோப்புகளில் வைத்திருக்கும் பெயர் 'தாடி'. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அமைப்புக் கோப்பைத் திறந்தால் மெல்லிய தாடி, பெட்டித் தாடி என்று ஆங்கிலத்தில் அப்படியேதான் எழுதியிருக்கிறது. கிராமத்துக்கு மெல்லிய தாடி. பார்த்த நாளிலிருந்து மலைச்சரிவு வீட்டைக் கண்டால் மோவாய்தான் தெரிகிறது.

அழகாகத்தான் இருக்கிறது இப்போது. ஆனால் எனக்குப் பிடித்தது சரியாக வராத கிராமங்கள்தான். ஒருமுறை ஒரு கிராமம் பள்ளத்தாக்கின் இரு கரையிலும் விழுந்திருந்தது. கொல்லர் பட்டறை இந்தப் பக்கம், வீடுகள் அந்தப் பக்கம், நடுவே பாலமில்லை. தெரு மட்டும் சுவரில் இறங்கி, அடியில் ஓடிய ஓடையின் மேல் பலகையாக மாறி, எதிர்ச்சுவரில் ஏறியது. எந்தக் கிராமத்தானும் அதில் நடக்க முடியாது. நான் பாலம் கட்டிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் படி, நடுவில் விளக்கு. மறுநாள் காலை முதல் ஆள் அதில் நடந்து பட்டறைக்குப் போனபோது, ஊராட்சித் தலைவர் ஆன மாதிரி ஒரு பெருமை. கிராமம் சரியாக அமைந்திருந்தால் எனக்கு அங்கே என்ன வேலை?

நனைந்த பஞ்சு

கடல் மாளிகை. ஒரு வாரம் மருந்து காய்ச்சி, மூச்சுக்கும் இருட்டுக்கும் ஏற்பாடு செய்து, அங்கே காவல் காக்கும் மூன்று பெரிய கார்டியன்களையும் கொன்றேன். கை களைத்துப்போகும் சாபத்தோடு சுவரைக்கூட உடைக்க முடியாமல் தவித்ததெல்லாம் தனிக் கதை. நடுவில் இருந்த எட்டுத் தங்க பிளாக்கும் எடுத்தாச்சு. நான் போனது தண்ணீரை உறிஞ்சும் பஞ்சுக்காக. பஞ்சறை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இல்லை. மூன்று கார்டியனும் ஆளுக்கு ஒன்று போட்ட மூன்று பஞ்சு. அதோடு வீடு வந்தேன். இது வடிவமைப்பா, லாட்டரியா?

கம்பளிக்கால்

மணல்மேடு அண்ணா சொன்னதற்கு நேர் உதாரணம் என்னிடம் இருக்கிறது. 1.19-இல் வந்த ஏன்ஷியன்ட் சிட்டி. 2022 ஜூனில் வெளியான அன்றே இறங்கினேன், எதையும் படிக்காமல். படிக்கக் கூடாது என்று தங்கையிடம் ஃபோனைக் கொடுத்துவைத்தேன்.

பாதாளத்தில் கருங்கல் நகரம். நீலத் தீ எரிகிறது. வெளிச்சம் இருக்கிறது, ஆனால் ஆள் இல்லை. நான் நடந்தால் தரையில் அந்தக் கருநீலப் பாசி துடிக்கிறது. எங்கோ ஒன்று அலறியது, கண் இருட்டியது. சரி, சத்தம்தான் பிரச்சினை என்று அதோடு புரிந்தது. குனிந்து போனேன். ஆனால் பெட்டி திறந்தாலும் சத்தம்தானே? இரண்டாவது அலறல். மூன்றாவது. அப்போது ஒரு சுவரோரம் ஒண்டி நின்றேன். அங்கேதான் கவனித்தேன், வழியெங்கும் கம்பளி விரித்திருக்கிறது. ஒரு கல் நகரத்தில் எதற்கு இவ்வளவு கம்பளி? என்னிடம் ஒரு கம்பளி பிளாக் இருந்தது. அதைப் போட்டு அதன் மேல் குதித்துப் பார்த்தேன். பாசி அசையவில்லை.

உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த ஊர்க்காரர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. அவர்களும் சத்தமில்லாமல் நடந்தார்கள். ஒரு பலகைகூட வைக்காமல் ஒரு ஊரின் பயத்தைக் கம்பளியில் சொல்லிவிட்டார்கள். நடுவில் ஒரு பிரம்மாண்டமான சட்டம் நிற்கிறதே, உடைத்தாலும் கையில் வராத கல்லால் ஆனது, அது வாசலா வேறெதுவுமா என்று விளையாட்டு இன்றுவரை வாய் திறக்கவில்லை. திறக்கவும் வேண்டாம்.

பிற்பாடு கீழே விழுந்திருந்த ஒரு பொருளை எடுக்கப்போய் நான்காவது அலறல். வார்டன் என்ற அரக்கன் எழுந்தான். குருடன், ஆனால் மோப்பம் பிடிப்பான். அவனுக்கு 250 இதயம், எனக்குப் பத்து. மிச்சத்தை எழுத வேண்டியதில்லை.

இரண்டு பிள்ளைக்காரி

நான் வாள் பிடிக்கத் தெரியாத ஆள், பிள்ளைகளுக்காக உட்கார்ந்து பழகினேன். டிரையல் சேம்பரை யாரும் திட்டாதீர்கள். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் யார் முதலில் தொட்டது என்று பஞ்சாயத்து. கீபோர்டு பறந்த நாள்கூட உண்டு. 1.21-இல் வந்த அந்தச் செம்பு அறைகளில் வால்ட் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரும், யார் யார் எடுத்தார்கள் என்று அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். ஆள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்து அரக்கன்களையும் அதற்கேற்பக் கூட்டும். அந்த அறையைக் கட்டியவருக்கு இரண்டு பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று என் யூகம்.

பழைய பீட்டா

அம்மா, நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது இடிபாடு மாதிரியே இல்லையே. சாவி போடு, பரிசு எடு, அரை மணி கழித்து அரக்கன் மறுபடி வருவான். பொருட்காட்சியில் டிக்கெட் வாங்கி உள்ளே போன மாதிரி இருக்கிறது. கம்பளிக்கால் சொன்ன ஊரில் யாரோ வாழ்ந்தார்கள். இங்கே யாரும் வாழ்ந்ததில்லை. நமக்காகவே கட்டிவைத்துக் காத்திருக்கிறார்கள்.

இரண்டு பிள்ளைக்காரி

இருக்கட்டுமே சார். பொருட்காட்சிக்குப் போனால் என் பிள்ளைகள் சண்டை போடுவதில்லை.

மணல்மேடு

எல்லாவற்றையும் பையனிடம் படித்துக் காட்டினேன். கம்பளி விஷயத்தில் கொஞ்சம் அசந்துபோனான், அதுவும் வீடியோவில் பார்த்ததுதானாம், ஆனால் யாரும் இப்படிச் சொல்லவில்லையாம். பாலைவனக் கோயில் பற்றிய தீர்ப்பில் மட்டும் மாற்றமில்லை.

நேற்றுச் சாயங்காலம் புது சீட் ஒன்றில், அதாவது புது உலகத்தில், ஆரம்பித்தோம், பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்துகொண்டான். அரை மணி நேரத்தில் ஒரு கோயில். நம் ஆள் முன்னால் போய்க் கூடத்தின் நடுவில் நின்றான். "இதோ பார், இதுதான் நீலக் கல். இதுக்கு நேர் கீழே தட்டு. தட்டுக்குக் கீழே ஒன்பது டிஎன்டி. தெரியாதவங்க இதை அப்படியே தோண்டி..." என்று விளக்கிக்கொண்டே, பழக்கதோஷத்தில் பிக்காக்ஸை அழுத்திக்கொண்டே இருந்தான்.

பெட்டி நான்கும் போச்சு. படுக்கையில் இன்னும் படுத்திருக்கவில்லை, அதனால் ஆரம்பித்த இடத்தில் எழுந்தான். பக்கத்து வீட்டுப் பையன் மேலேயிருந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டான்.