பவுண்டரி லேயருக்கு ‘கரையடுக்கு’, படலம் வேண்டாம்

அண்ணாச்சி, காத்தோ தண்ணியோ ஒரு பரப்ப ஒட்டி ஓடும்போது பரப்புக்குப் பக்கத்துல வேகம் மாறுற பகுதியத்தான் பவுண்டரி லேயர்ங்கறோம், அதுக்கு எல்லைப் படலத்தையே வச்சுக்கலாம், புழக்கத்துல உள்ள சொல்ல எதுக்கு மாத்தணும்னு கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்விதான். ஆனா படலம்னு சொன்ன உடனே, எண்ணெய்ப் படலம் மாதிரி என்னமோ ஒரு பொருள் பரப்புல ஒட்டிக்கிட்டு இருக்குன்னுதான் பசங்க மனசுல பதியுது, வகுப்புல எத்தன தடவ படம் போட்டாலும் அது போக மாட்டேங்குது.

அங்க தனியா ஒரு பொருளே கிடையாதே. அதே காத்துதான், அதே தண்ணிதான். பரப்பத் தொட்டுக்கிட்டு இருக்கது பரப்போடயே நிக்குது, அதுக்கு மேல உள்ளத அது இழுத்துப் பிடிக்குது, அதுக்கும் மேல உள்ளத இது, இப்படியே பாகுநிலையால (விஸ்காசிட்டி, ஒண்ண ஒண்ணு உரசி இழுக்கற குணம்) வேகம் ஏறி ஏறி வெளி ஓட்டத்தோட வேகத்துக்கு வந்து சேருது. 99 சதவீதம் வந்தா அதோட முடிஞ்சதுன்னு வைக்கது நாமளா போட்ட கோடு, வெளியில ஓடுற காத்து அந்தக் கோட்டத் தாண்டி உள்ள வந்துக்கிட்டேதான் இருக்கு. போகப் போக தடிமனும் கூடும். ஒரு மீட்டர் நீளத் தகட்டு மேல காத்து வினாடிக்கு 5 மீட்டர் வேகத்துல ஓடுதுன்னு வைங்க, பிளாசியஸ்ங்கற ஜெர்மன் அறிஞர் 1908ல போட்ட கணக்குப்படி கடைசி முனையில சுமார் 9 மில்லிமீட்டர் வரும். இத எப்படிப் படலம்னு சொல்லுறது?

பாகுநிலைய மொத்தமா விட்டுட்டுக் கணக்குப் போட்டா, ஓட்டத்துல நிக்க பொருளுக்கு இழுவையே இல்லன்னு விடை வந்து, பிரெஞ்சுக் கணித அறிஞர் தலாம்பெர் காலத்துலேருந்து 150 வருஷமா அது புதிராவே கிடந்துச்சு. ஜெர்மன் அறிஞர் பிராண்ட்டல் 1904ல ஹைடல்பெர்க் கணித மாநாட்டுல, பரப்புக்குப் பக்கத்துல மட்டும் பாகுநிலைய எடுத்துக்கிட்டா போதும்னு காட்டினாரு. பிரிச்சாரே தவிர ரெண்டும் ஒரே ஓட்டம்தான், அது நம்ம சொல்லுலயும் தெரியணும்ங்கறதுதான் என் ஆசை.

அதனாலதான் கரையடுக்கு. வேட்டிக்கரை வேட்டியோட சேந்த நெசவுதானே, மேல தச்சு வச்ச துண்டு இல்லையே. ‘ஓர அடுக்கு’ன்னு வந்த யோசனையும் கொள்ளாம், ஆனா சேத்து எழுதினா நாலு பேரு ஓரடுக்குன்னு எழுதி, ஒரே அடுக்குன்னு அர்த்தம் ஆயிரும். ‘மந்த அடுக்கு’ ஆகவே ஆகாது, மந்த வாயு ஏற்கனவே இருக்கு, அதோட நிக்க காத்துல பெல்ட் ஓடினா பெல்ட்டுப் பக்கத்துல உள்ள காத்துக்குத்தான் வேகம் அதிகம், அங்க மந்தம் எங்க இருக்கு. கரையோட்டம்னு வச்சா அழகாத்தான் இருக்கும், ஆனா நம்ம குளச்சல், முட்டம் பக்கம் கடலுக்குப் போறவங்க அத கரையோர நீரோட்டம்னுதான் எடுப்பாங்க.

கூட்டுச் சொல்லாவும் போட்டுப் பாத்தேன். கரையடுக்குத் தடிமன், வரிச்சீர் (லாமினார், கலங்காம ஓடுற) கரையடுக்கு, வளிமண்டலக் கரையடுக்கு, எதுவும் உறுத்தல. கடைசிச் சொல்லுக்கு காத்தாலை நிறைஞ்ச நம்ம முப்பந்தலே போதும். ஆடி மாசம் ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற காத்து தரைக்கிட்ட மரத்துலயும் மேட்டுலயும் உரசித் தளந்துரும், மேல போகப் போக வேகம் கூடும், வேகம் ரெண்டு மடங்கானா காத்துல உள்ள திறன் எட்டு மடங்கு. பழைய காத்தாடிங்க குட்டையா நிக்க, புதுசா வைக்கதெல்லாம் 100 மீட்டரத் தாண்டி நிக்கதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

கரைபொருள், கரைசல்னு வேதியியல்காரங்க குழம்புவாங்கன்னு கேட்டா, ஆமா, கொஞ்சம் குழப்பம் வரும். ஆனா ஓட்டத்தப் பத்திப் பேசுற இடத்துல கரைன்னா ஆத்தங்கரைதான் முதல்ல மனசுக்கு வரும், அதனால இந்தக் குறைய ஏத்துக்கலாம்.

இன்னும் முடிவாகாதது செபரேஷன். அழுத்தம் எதிர்த்து ஏறும்போது கரையடுக்கு பரப்ப விட்டு எழும்புதே, அதுக்கு விலகல்னு வச்சா ஒளிவிலகலோட மோதுது, பிரிவுன்னா ஆபீஸ் பிரிவு மாதிரி இருக்கு. ‘கரையடுக்குப் பிரிதல்’னு வைக்கலாமா அண்ணாச்சி, நீங்க சொன்னா வகுப்புக் குறிப்புல அப்படியே போட்டுருவேன்.