மாதிரி உயிரியா, பதவுயிரியா?

வணக்கம் நண்பர்களே,

ஓர் உயிரினத்தை ஆழமாக ஆராய்ந்து, அதைக் கொண்டு மற்ற உயிரினங்களையும் புரிந்துகொள்கிறார்கள்; அப்படிப்பட்ட உயிரினத்தை ஆங்கிலத்தில் ‘மாடல் ஆர்கனிசம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘மாதிரி உயிரி’ போதுமே என்று இங்கே சிலர் சொன்னார்கள். வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: ‘சுண்டெலி மாதிரி உயிரி’. சுண்டெலியைப் போன்ற வேறு ஏதோ பிராணி என்றுதானே காதில் விழுகிறது? போதாக்குறைக்கு, ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டு இரத்தமும் ஒரு பிடி மண்ணும்கூட ‘மாதிரி’தான்.

புதுச்சொல்லை ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு பொருள்களில் பொருத்திப் பார்ப்பது என் பழக்கம். இங்கே ஒன்று சுண்டெலி. மற்றது அராபிடாப்சிஸ் தாலியானா, கடுகுக் குடும்பத்துச் சிறு பூச்செடி. வயலில் முளைத்தால் அது வெறும் களை. ஆனால் விதையிலிருந்து விதைக்கு ஆறு வாரம் போதும்; தன் மகரந்தத்தாலேயே காய்த்து ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். மரபணுத்தொகுதி, அதாவது முழு டி.என்.ஏ.வும், வரிசைப்படுத்தப்பட்ட முதல் தாவரம் அதுதான்; ஆண்டு 2000. எலியின் வரைவு வரிசை 2002-இல் வந்தது.

செடியின் தொகுதியில் ஏறத்தாழ 13.5 கோடி கார இணைகள், அதாவது டி.என்.ஏ. ஏணியின் படிகள். எலிக்குச் சுமார் 270 கோடி, அதாவது இருபது மடங்கு. புரதம் ஆக்கும் மரபணுக்களை எண்ணினாலோ செடியில் சுமார் 27,000, எலியில் சுமார் 22,000. பெரிய வீட்டில் ஆள் குறைவு!

சரி, சொல்லுக்கு வருவோம். எலி மனிதனின் சிறு நகலும் அல்ல, முன்வரைவும் அல்ல. ஆகவே ‘முன்மாதிரி’ அடிபடுகிறது. ‘ஒப்புயிரி’ எலிக்குப் பொருந்தும், மனிதனோடு ஒப்பிடத்தானே அதை வளர்க்கிறோம். செடியை எதோடு ஒப்பிடுவது? அது பூக்கும் தாவரங்கள் அத்தனைக்கும் சேர்த்து நிற்கிறது. ‘ஆய்வுயிரி’ என்றால் ஆராயப்படும் எல்லாமே உள்ளே வந்துவிடும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அந்தப் ‘பதம்’ இரண்டுக்கும் பொருந்துகிறது. எலி பாலூட்டிப் பானையின் சோறு, அராபிடாப்சிஸ் பூச்செடிப் பானையின் சோறு. எனவே என் முன்மொழிவு: பதவுயிரி. எல்லாப் பானையும் ஒரே மாதிரி வேகாது என்பது வேறு விஷயம். எலியில் பலித்த மருந்து மனிதனில் பலிக்காமல் போவதுண்டு.

‘பதவி’ என்று யாராவது தவறாகப் படிக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். செடிக்குப் ‘பதச்செடி’ என்று தாராளமாக எழுதலாம். ஆனால் எலியைப் ‘பதவிலங்கு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பதத்துக்குக் கால் என்றும் பொருள் உண்டு, காலில் மாட்டும் விலங்காகிவிடும்!